தனித்தனியே சரி, சேர்ந்தால்?

1904ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு கட்டடத்தில் தீப்பிடித்தது. பலத்த காற்றினால் தீ தெருத்தெருவாகப் பரவியது. உதவி கேட்டு அண்டை நகரங்களுக்குத் தந்திகள் பறந்தன. வாஷிங்டனிலிருந்து தீயணைப்பு வண்டிகள் இரயிலில் ஏற்றப்பட்டு விரைந்து வந்தன. பிற நகரங்களிலிருந்தும் வண்டிகள் வந்து சேர்ந்தன. வண்டிகளில் பழுது இல்லை. ஆட்களும் பயிற்சி பெற்றவர்கள். தெருக்குழாய்களில் தண்ணீரும் இருந்தது. ஆனால் வந்தவர்கள் தங்கள் குழல்களைத் தெருக்குழாயில் திருகிப் பார்த்தபோது, பலருடைய குழல்கள் பொருந்தவில்லை! ஒவ்வொரு நகரமும் தன் விருப்பப்படி வெவ்வேறு அளவில் மரை வெட்டி வைத்திருந்ததே காரணம். ஏறத்தாழ 30 மணி நேரம் எரிந்த அந்தத் தீயில் 1,500க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

குழலில் குற்றம் இல்லை. குழாயிலும் குற்றம் இல்லை. தனித்தனியே பார்த்தால் இரண்டும் சரியானவை. இரண்டும் சேரும் இடத்தில்தான் குற்றம் இருந்தது.

இதே குற்றம் இன்று கணிப்பொறி நிரல்களில் நாள்தோறும் தோன்றுகிறது. அதைத் தடுப்பதற்கென்றே சிலர் ஓய்வு நேரத்தில் ஊதியமின்றி உழைத்து வருகின்றனர். அவர்கள் செய்யும் வேலை என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பொதி என்றால் என்ன?

நீங்கள் ஒரு நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊசலின் அலைவு நேரங்களை அது படிக்க வேண்டும். சராசரி காண வேண்டும். வரைபடம் போட வேண்டும். வரைபடத்தில் ஒவ்வொரு புள்ளியையும் எங்கே வைப்பது என்பதற்கான கட்டளைகளை நீங்களே எழுத வேண்டியதில்லை. வேறு யாரோ அதை முன்பே எழுதி, பலரும் பயன்படுத்தும்படி வெளியிட்டிருப்பார்கள். இவ்வாறு ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் பகுதியையே ‘பொதி’ என்கிறோம். அதன் மூல வரிகளை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம் என்று எழுதியவரே உரிமை வழங்கிவிட்டால் அது ‘திறந்த மூலப்’ பொதி ஆகிறது.

வரைபடப் பொதியை எழுதியவரும் எல்லாவற்றையும் தாமே எழுதியிருக்க மாட்டார். எண்களைக் கையாள ஒரு பொதி, எழுத்துகளை வரைய ஒரு பொதி, கோப்பைப் படிக்க ஒரு பொதி என்று அவரும் பிறரைச் சார்ந்திருப்பார். அந்தப் பொதிகள் இன்னும் சிலவற்றைச் சார்ந்திருக்கும். ஆகவே நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்றாலும், கணிப்பொறிக்குள் வந்து இறங்குவது சில வேளைகளில் ஐம்பதாகவும் நூறாகவும் இருக்கும். அவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் வாழ்பவர்கள். ஒருவரை ஒருவர் பார்த்தறியாதவர்கள்.

பதிப்பு எண் சொல்லும் செய்தி

பாடநூலுக்குத் திருத்திய பதிப்பு வருவது போலவே பொதிக்கும் புதிய பதிப்புகள் வருகின்றன. பிழை நீக்கப்படும், வேகம் கூடும், சில வேளைகளில் பயன்படுத்தும் முறையே மாறிவிடும். இந்தக் கடைசி வகை மாற்றம்தான் தொல்லை தருவது.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோணத்தைக் கொடுத்தால் அதன் சைன் மதிப்பைத் தரும் ஒரு பொதி இருக்கிறது. முதற்பதிப்பில் கோணத்தைப் பாகையில் கொடுக்க வேண்டும். 30 என்று கொடுத்தால் விடை 0.5. இரண்டாம் பதிப்பில், கோணம் ரேடியனில் இருக்க வேண்டும் என்று எழுதியவர் மாற்றிவிடுகிறார். இப்போதும் நீங்கள் 30 என்றே கொடுத்தால் விடை ஏறத்தாழ −0.988. நிரல் நிற்காது, எச்சரிக்கையும் செய்யாது. தவறான எண்ணைத் தந்துவிட்டு அமைதியாக மேலே செல்லும். நிரல் நின்றுவிட்டால் நமக்குத் தொல்லைதான்; ஆனால் நிற்காமல் தவறுவது அதைவிடக் கொடியது.

ஆகவே பதிப்பு எண்ணைக் கொண்டே எச்சரிக்கை தரும் வழக்கம் ஏற்பட்டது. ஹாஸ்கெல் என்ற கணிப்பொறி மொழியை எடுத்துக்கொள்வோம். இதன் முதல் வரையறை 1990இல் வெளிவந்தது. தருக்கவியல் அறிஞர் ஹாஸ்கெல் கரி என்பவரின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. இம்மொழியில் ஒரு பொதியின் பதிப்பு 2.3.1 என்றால், முதல் இரண்டு எண்களும் சேர்ந்து (2.3) பெரும்பதிப்பைக் குறிக்கும். பழைய முறையில் பயன்படுத்துவோரைப் பாதிக்கும் மாற்றம் எதைச் செய்தாலும் இப்பகுதியை உயர்த்த வேண்டும். பாதிக்காத மாற்றமானால் மூன்றாம் எண்ணையோ அதற்கும் பின்வரும் எண்ணையோ உயர்த்தினால் போதும். பிறர் பொதியைச் சார்ந்திருப்பவர், “எனக்கு 2.3 வேண்டும், 2.4 வேண்டாம்” என்று தம் பொதியிலேயே எல்லை எழுதி வைக்கலாம்.

எல்லை எழுதினால் தவறு குறையும் என்பது உண்மை. ஆனால் எல்லைகளே ஒன்றோடொன்று மோதத் தொடங்கினால்?

இருவர் கேட்கும் ஒரே பொருள்

உங்கள் நிரலுக்கு ‘வரைபடம்’, ‘அட்டவணை’ என்ற இரு பொதிகள் தேவை. இரண்டுமே ‘எண்’ என்ற மூன்றாம் பொதியைச் சார்ந்தவை. ‘வரைபடம்’ பழையது, அதற்கு ‘எண்’ணின் முதற்பதிப்புதான் வேண்டும். ‘அட்டவணை’ புதியது, அதற்கு இரண்டாம் பதிப்புதான் வேண்டும். பொதுவாக ஒரு நிரலுக்குள் ஒரு பொதியின் ஒரே ஒரு பதிப்பைத்தான் சேர்ப்பார்கள். எதைச் சேர்ப்பது? முதற்பதிப்பைச் சேர்த்தால் ‘அட்டவணை’ மறுக்கிறது. இரண்டாம் பதிப்பைச் சேர்த்தால் ‘வரைபடம்’ மறுக்கிறது. எந்தப் பொதியிலும் பிழை இல்லை. ஆயினும் உங்கள் நிரல் உருவாகாது.

“பொருந்தும் பதிப்புகளைத் தேடிக் கண்டுபிடிக்கக் கணிப்பொறியிடமே விட்டுவிடலாமே!” என்று நீங்கள் கேட்கலாம். சிறிய கணக்கொன்று போட்டுப் பாருங்கள். 20 பொதிகள், ஒவ்வொன்றுக்கும் 3 பதிப்புகள். தேர்ந்தெடுக்கும் வழிகள் 3ஐ 20 முறை பெருக்கினால் கிடைக்கும்: 3,486,784,401. அதாவது 348 கோடிக்கும் மேல்! விநாடிக்கு ஒரு வழியாகச் சோதித்தால் ஏறத்தாழ 110 ஆண்டுகள் ஆகும். கணிப்பொறி இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதிக்காமல் ஒவ்வாத வழிகளைக் கூட்டங்கூட்டமாக ஒதுக்கித் தள்ளும் என்பது உண்மைதான். எனினும், எல்லா நேரத்திலும் விரைவாக விடை தரும் பொதுவழி எதுவும் இத்தகைய கணக்கிற்கு இதுவரை கண்டறியப்படவில்லை. அப்படியே ஒரு விடை கிடைத்தாலும், அது ஒவ்வொருவரும் எழுதி வைத்த எல்லைகளை நம்பிப் பெற்ற விடையே. எல்லை எழுதியவர் தவறியிருந்தால் விடையும் தவறும்.

ஹாஸ்கெல் மொழிக்கு ஹாக்கேஜ் என்ற பொதுக் களஞ்சியம் உண்டு. உரிய பதிவு பெற்ற எவரும் தம் பொதியை அதில் இடலாம். இன்று அதில் 15,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. களஞ்சியம் வளர வளர மேலே சொன்ன மோதல்களும் பெருகின. புதிதாக ஒரு பொதியை நிறுவப் போனால், நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்த மூன்று பொதிகள் உடைந்து போகும். இந்த நிலைக்கு ஹாஸ்கெல் எழுதுவோர் ‘நரகம்’ என்றே பெயர் வைத்திருந்தனர்!

ஒருமுறை செய்து, எல்லோருக்கும் கொடு

2012ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்னாய்மன் என்பவர் ‘ஸ்டாக்கேஜ்’ என்ற திரட்டைத் தொடங்கினார். அதன் அடிப்படைக் கருத்து மிக எளிது. ஆயிரம் பேர் ஆயிரம் இடங்களில் உட்கார்ந்து ஒரே தேடலைச் செய்வானேன்? ஒருமுறை ஓரிடத்தில் செய்து, பொருந்தும் என்று சோதித்த பதிப்புகளின் பட்டியலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் என்ன?

இந்தப் பட்டியலை நிழற்படத்திற்கு ஒப்பிடலாம். ஓடிக்கொண்டே இருக்கும் களஞ்சியத்தை ஒரு குறிப்பிட்ட நாளில் நிறுத்திப் படம் பிடித்தது போன்றது அது. அதில் ஒவ்வொரு பொதிக்கும் ஒரே ஒரு பதிப்பு எண்தான் இருக்கும். எந்தக் கம்பைலர் பதிப்பைக் கொண்டு சோதித்தோம் என்பதும் குறிக்கப்பட்டிருக்கும். ஒருமுறை வெளியிட்ட பட்டியலைப் பின்னர் மாற்றுவதில்லை. நீங்கள் உங்கள் நிரலில் எழுத வேண்டியது அப்பட்டியலின் பெயரை மட்டுமே. ஒரே ஒரு வரி! பத்து பேர் பத்து கணிப்பொறிகளில் அந்த வரியைப் பயன்படுத்தினாலும் பத்து பேருக்கும் அதே பதிப்புகளே கிடைக்கும். இன்றைய பட்டியல்களில் 2,000க்கும் மேற்பட்ட பொதிகள் இடம்பெறுகின்றன.

பட்டியல் எப்படி உருவாகிறது?

ஹாக்கேஜ் களஞ்சியத்தில் உள்ள எல்லாம் தானாகவே ஸ்டாக்கேஜ் திரட்டில் வந்துவிடுவதில்லை. தம் பொதி இடம்பெற வேண்டும் என்று விரும்புபவர் திரட்டின் பட்டியல் கோப்பில் அதன் பெயரைச் சேர்க்கக் கேட்க வேண்டும். பொதிக்குப் பொறுப்பு ஏற்பவர் என்று ஒருவருடைய பெயரும் அங்கே பதியப்படும். பெயர் பதிவது ஒரு வாக்குறுதி: “என் பொதி மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை என்றால் நான் கவனிப்பேன்.”

திரட்டைக் கவனிக்கும் பொறுப்பாளர்கள் ஒரு சிறு குழுவினர், தொண்டு செய்பவர்கள். முறை வைத்து ஒருவர் மாற்றி ஒருவராகப் பணியை ஏற்கின்றனர். அவர்கள் செய்வது இதுதான்:

முதலாவதாக, பட்டியலில் உள்ள பொதிகளுக்கு வந்துள்ள புதிய பதிப்புகளை எடுத்து, எழுதப்பட்ட எல்லைகள் மோதுகின்றனவா என்று நிரலைக் கொண்டு பார்க்கின்றனர்.

இரண்டாவதாக, எல்லாப் பொதிகளையும் உண்மையிலேயே கம்பைல் செய்து பார்க்கின்றனர். காகிதத்தில் பொருந்துவது வேறு, திருகிப் பார்த்தால் பொருந்துவது வேறு அல்லவா?

மூன்றாவதாக, ஒவ்வொரு பொதியோடும் அதை எழுதியவர் இணைத்துள்ள சோதனைகளை ஓட்டுகின்றனர். பாகை–ரேடியன் போன்ற மாற்றங்கள் கம்பைலரின் கண்ணுக்குத் தப்பினாலும், “30க்கு விடை 0.5 வர வேண்டும்” என்ற சோதனை எழுதப்பட்டிருந்தால் இங்கே பிடிபடும். சோதனையே எழுதப்படாவிட்டால் பிடிபடாது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மோதல் கண்டால் என்ன செய்வது? சிக்கலை உண்டாக்கும் புதிய பதிப்பைப் பட்டியலுக்கு வெளியே சிறிது காலம் நிறுத்தி வைக்கின்றனர். பின்தங்கிய பொதிகளின் பொறுப்பாளர்கள் பெயர்களைக் குறிப்பிட்டு, “உங்கள் பொதியைத் திருத்துங்கள்” என்று அறிவிக்கின்றனர். பெரும்பாலோர் திருத்தி அனுப்பிவிடுவர். நெடுநாள் மறுமொழி இல்லாவிட்டால் அந்தப் பொதி பட்டியலிலிருந்து எடுக்கப்படும். அதைச் சார்ந்த பொதிகளும் கூடவே வெளியேற நேரும். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்காக எல்லோரையும் நிறுத்தி வைத்தால் திரட்டு பழசாகிவிடும். எவ்வளவு நாள் காத்திருப்பது, யாரை வெளியேற்றுவது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. இங்கே மனிதரின் தீர்ப்பு வேண்டியிருக்கிறது.

புதியதா, நிலையானதா?

திரட்டில் இருவகைப் பட்டியல்கள் உண்டு. ஒன்று, ஏறக்குறைய நாள்தோறும் வெளிவருவது. இதில் கூடியவரை புதிய பதிப்புகள் இருக்கும். மற்றொன்று, 2015இல் தொடங்கப்பட்ட நீண்டகாலப் பட்டியல். இதில் கம்பைலரும் பெரும்பதிப்புகளும் நிலையாக இருக்கும். பழைய முறையைப் பாதிக்காத சிறு திருத்தங்கள் மட்டுமே அவ்வப்போது சேர்க்கப்பட்டு 1, 2, 3 என்று அடுத்தடுத்த எண்ணிட்டு வெளிவரும்.

நிலையாக இருப்பதால் என்ன நன்மை? எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர் ஒருவர் ஊசல் ஆய்வுக்காகப் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினார். அது எண்களைக் கையாளும் ‘நம்பை’ என்ற பொதியைச் சார்ந்தது. நிரல் நன்றாக ஓடியது. மறு ஆண்டு புதிய கணிப்பொறியில் பொதிகளைப் புதிதாக நிறுவி ஓட்டியபோது முதல் வரிகளிலேயே நின்றுவிட்டது. மாணவர் எழுதியதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. நம்பையில் பழைய பெயர் ஒன்று சில காலம் எச்சரிக்கை தந்து வந்தது. 2022 டிசம்பரில் வெளிவந்த 1.24 பதிப்பில் அது அடியோடு நீக்கப்பட்டது. நிரல் அந்தப் பழைய பெயரைத்தான் பயன்படுத்தியிருந்தது. தவறு நம்பையினுடையது அன்று. எந்தப் பதிப்பில் நிரல் ஓடியது என்பதை நாங்கள் குறித்து வைக்காததுதான் தவறு. எந்த அளவுகோலால் அளந்தோம் என்று எழுதாத ஆய்வு ஏட்டை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் நானே அன்று அதைச் செய்திருந்தேன்!

அப்படியானால் எதையும் மாற்றாமல் என்றென்றும் பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமா? கூடாது. பழைய பதிப்பில் பாதுகாப்புக் குறை கண்டுபிடிக்கப்பட்டால் அது திறந்த கதவாகவே நின்றுவிடும். மேலும், ஐந்தாண்டு மாற்றங்களை ஒரே நாளில் ஏற்பது, ஐந்தாண்டுப் பாடத்தை ஒரே இரவில் படிப்பது போன்றதே.

அரை விநாடியில் பிடிபட்ட சதி

புதியதை உடனே ஏற்பதில் உள்ள ஆபத்துக்கும் ஓர் உண்மை நிகழ்ச்சி உண்டு. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்.இஸட்’ என்ற திறந்த மூலப் பொதி உலகெங்கும் பயன்படுகிறது. நீண்ட காலம் அதைப் பெரும்பாலும் ஒருவரே தனியாகப் பேணி வந்தார். உதவ வந்ததாகச் சொன்ன ஒருவர் ஈராண்டுக்கும் மேலாக உழைத்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு 2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெளியான 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பிறர் கணிப்பொறிக்குள் புகுவதற்கான இரகசிய வழியைப் புகுத்திவிட்டார்.

அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து ஒரு கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிடச் சுமார் அரை விநாடி கூடுதலாக ஆவதை அவர் கவனித்தார். அரை விநாடிதானே என்று விட்டுவிடாமல் காரணத்தைத் தேடிச் சென்று, மார்ச் 29ஆம் நாள் உலகிற்கு அறிவித்தார். அளவீட்டில் சிறு மாறுபாட்டையும் அலட்சியம் செய்யாதீர்கள் என்று உங்கள் இயற்பியல் ஆசிரியர் ஏன் சொல்கிறார் என்பது இப்போது விளங்குகிறதா?

1993இல் தொடங்கப்பட்ட டெபியன் என்னும் பெரிய திறந்த மூலத் திரட்டிலும் இப்பதிப்புகள் புகுந்தன. ஆனால் அதன் சோதனைக் கிளைகளில் மட்டுமே. புதிய பொதிகள் அங்கே ஊறிய பிறகுதான் நிலையான கிளைக்கு வரும். 2023 ஜூனில் வெளியான நிலையான கிளையில் பழைய பதிப்பே இருந்ததால் அதைப் பயன்படுத்தியோர் தப்பினர். சதியைக் கண்டுபிடித்தது நிலையான கிளை அன்று. விழிப்புள்ள ஒரு மனிதர். ஆனால் அவர் கண்டுபிடிக்கும் வரை தீ பரவாமல் தடுத்த இடைவெளி நிலையான கிளை தந்தது.

செய்து பாருங்கள்

இனி நீங்களே சிறிது நேரம் திரட்டுப் பொறுப்பாளர் ஆகலாம். எட்டுத் துண்டுக் காகிதங்களை எடுத்து அ1, அ2, ஆ1, ஆ2, இ1, இ2, ஈ1, ஈ2 என்று எழுதுங்கள். இவை நான்கு பொதிகளின் பழைய, புதிய பதிப்புகள். ஒவ்வொரு பொதியிலும் ஒரே ஒரு துண்டை எடுத்து நான்கு துண்டுகளைச் சேர்க்க வேண்டும். விதிகள் நான்கு:

1. அ2, இ2 உடன் மட்டுமே பொருந்தும்.
2. ஆ1, இ1 உடன் மட்டுமே பொருந்தும்.
3. ஆ2, ஈ1 உடன் மட்டுமே பொருந்தும்.
4. இ2, ஈ2 உடன் மட்டுமே பொருந்தும்.

மொத்த வழிகள் 16. முதலில் எல்லாவற்றிலும் புதியதை எடுத்துப் பாருங்கள். ஆ2 ஈ1ஐக் கேட்கும், பொருந்தாது. பொறுமையாகத் தேடினால் மூன்றே சேர்க்கைகள் தேறும்: நான்கும் பழையவை, ஈ மட்டும் புதியது, ஆ மட்டும் புதியது.

பின்னிரண்டில் எதைத் தேர்வீர்கள்? விதிகள் இதற்கு விடை சொல்லவில்லை. ஆ2 வேகமாக ஓடும் என்றும், ஈ2 ஒரு பாதுகாப்புக் குறையை அடைக்கிறது என்றும் சொன்னால் உங்கள் முடிவு என்ன? உங்கள் நண்பரின் முடிவும் அதுதானா?

இன்னும் ஒன்றைக் கவனியுங்கள். ஆ பொதியை எழுதியவர் மூன்றாம் விதியைத் தளர்த்தி, ஈ2 உடனும் பொருந்தும்படி தம் பொதியைத் திருத்திவிட்டால், அ2, ஆ2, இ2, ஈ2 நான்கும் ஒருசேர அமைந்துவிடும்! 16 வழிகளையும் எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காதது, அவருக்கு ஒரு கடிதம் எழுதினால் கிடைத்துவிடுகிறது.

பொறுப்பாளர்களின் வேலையில் பெரும்பகுதி அந்தக் கடிதம் எழுதுவதுதான். நீங்களும் நாளை ஒரு பொதி எழுதலாம். அப்போது, நீங்கள் கண்டறியாத யாரோ ஒருவரிடமிருந்து அத்தகைய கடிதம் ஒன்று வரும். காலம் தாழ்த்தாமல் மறுமொழி எழுதுங்கள்.